அடிமை ஓலையும் விடுதலையும்

விடுதலை பெற்றவன் ஏன் மறுபடியும் பாவஞ் செய்கிறான்? கிறிஸ்தவ இலக்கியம் பற்றிப் பேச நேரும் வேளைகளில் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சைவ நண்பர்கள் இதனைக் கேலியாகக் கேட்பதில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ள விரும்பிக் கேட்கிறார்கள். கிறிஸ்து தம்மைப் பாவத்திலிருந்து விடுவித்துவிட்டார் என்று ஞாயிறு காலையில் உருகிப் பாடுகிறவர், திங்கட்கிழமை அயலவனோடு வேலிக் கதியாலுக்காக வழக்காடுகிறார். பொய் சொல்கிறார். பொறாமைப்படுகிறார். அப்படியானால் அவர் எதிலிருந்து விடுபட்டார்? விடுபடவில்லையென்றால் அந்தப் பாட்டு எதற்கு?

கேள்வி நியாயமானது. இதற்குத் தரப்படும் விடைகளிற் பல நியாயமற்றவை. "மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரி" என்பது ஒரு விடை. "உண்மையான கிறிஸ்தவன் பாவமே செய்யமாட்டான்" என்பது இன்னொரு விடை. முன்னையது பாவத்தை மலிவாக்குகிறது. பின்னையது மனிதனைப் பொய்யனாக்குகிறது. கிறிஸ்தவ மூலநூல்கள் இவ்விரண்டையும் சொல்லவில்லை. அவை சொல்வது மூன்றாவது ஒன்று: விடுதலை என்பது கட்டுகளெல்லாம் அறுந்து தனியே நிற்பதன்று, ஒருவரோடு சேர்ந்துகொள்வது. இந்தச் சேர்க்கையை விளக்குவதற்கு நான் தொலைதூரம் போகாமல் பண்டத்தரிப்பையும் அதன் அயலையும் எடுத்துக்கொள்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்குள் மூன்று விதமான கிறிஸ்தவம் இந்தச் சிற்றூர்ப் பக்கத்திற் கால் பதித்தது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடையின் பாதி தானாகவே துலங்கும்.

தோம்பில் எழுதிய பெயர்

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது, போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் கோவில்கள் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. பண்டத்தரிப்புக் கோவிலும் அவற்றுள் ஒன்று. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பல்தேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார், 1672 இல் வெளியிட்ட தமது பெருநூலில் யாழ்ப்பாணக் கோவில்களை ஒவ்வொன்றாக விவரிக்கும்போது பண்டத்தரிப்பையும் விவரிக்கிறார்.

கோவிலோடு பள்ளிக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடத்திலே தோம்பு இருந்தது. திருமுழுக்குப் பெற்றவர் பெயரும், விவாகம் முடித்தவர் பெயரும் அந்தத் தோம்பிற் பதியப்பட்டன. அரச உத்தியோகம் வேண்டுமா, விவாகம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டுமா, பிள்ளைகளுக்கு முதுசம் தடையின்றிப் போய்ச் சேர வேண்டுமா, அதற்கு இந்தப் பதிவு துணை நின்றது. ஆகவே மக்கள் பெயரைக் கொடுத்தார்கள். மனத்தை வீட்டிலே வைத்துக்கொண்டார்கள். 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்த நெருக்குதல் நீங்கியதும் பெரும்பாலோர் தம் முன்னோரின் சமயத்தை வெளிப்படையாகவே கைக்கொண்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பெயர் மட்டும் போய்ச் சேர்ந்த இடத்தில் ஆள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். சேர்க்கை இல்லாத கிறிஸ்தவம் எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சில்லாலைக்கு வந்த அடிமை

பண்டத்தரிப்பின் அயற்கிராமம் சில்லாலை. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருமாரை நாட்டுக்குள் வரவிடாமற் காவல் செய்த அந்த நாள்களிலும் சில்லாலை மக்கள் தம் நம்பிக்கையை விடவில்லை. அங்கே 1687 இல் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். நோயால் மெலிந்த உடல்; காலிற் செருப்பில்லை; ஏழைக் கூலியாளின் கோலம். அவர்தான் யோசவ் வாஸ் அடிகள். கோவாவில் பிராமண வழிவந்த குடும்பத்தில் 1651 இற் பிறந்தவர். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துப் பேணினர். இரவு வேளைகளில் அவர் வழிபாடு நடத்தினார். பின்னர் கண்டி இராச்சியத்திற்குச் சென்று, சிறையிருந்து, அங்கேயே பணியாற்றி 1711 இற் காலமானார். 2015 சனவரி 14 ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நான் இங்கே கவனிக்க விரும்புவது அவருடைய துணிவை மட்டுமன்று. இலங்கைக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1677 ஓகஸ்ட் 5 ஆம் நாள், அவர் ஒரு பத்திரம் எழுதினார். அது அடிமைப் பத்திரம். மரியன்னையின் நித்திய அடிமையாகத் தம்மைத் தாமே எழுதிக் கொடுத்த பத்திரம். அன்னைக்கு அடிமையாவது அவர் மகனுக்கு முற்றாக உரியவனாவதற்கு வழி என்பது அந்தப் பக்தி மரபின் கருத்து.

இப்பொழுது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தன்னை அடிமையென்று எழுதிக்கொடுத்த மனிதன், ஒல்லாந்தக் கொம்பனியின் கட்டளைக்கு அஞ்சாமல் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்தான். தோம்பிற் பெயர் எழுதி உரிமை தேடியவர்கள் அந்தக் கட்டளைக்கு அஞ்சியே வாழ்ந்தார்கள். இவர்களில் யார் விடுதலை பெற்றவர்?

தோட்டத்தில் அழுத மாணவர்

மூன்றாவது காட்சி அமெரிக்க மிசன் காலத்தது. 1816 இல் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அந்த மிசன், 1820 இல் டொக்டர் ஜோன் ஸ்கடரைப் பண்டத்தரிப்பில் அமர்த்தியது. நியூயோர்க்கில் மருத்துவராக இருந்தவர் அவர். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட மருத்துவ மிசனரிமாருள் முன்னோடியாகக் கருதப்படுபவர். 1836 இற் சென்னைக்குப் போகும் வரை அவருடைய வாழ்வின் பெரும்பகுதி இப்பகுதியிலேயே கழிந்தது. நோயாளருக்கு மருந்து கொடுத்தார். உணவும் உறையுளும் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்.

1824 இன் தொடக்கத்தில் தெல்லிப்பழையில் ஆரம்பித்து உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய், பண்டத்தரிப்பு ஆகிய மிசன் நிலையங்களெங்கும் ஓர் உள்ளெழுச்சி பரவியது. பண்டத்தரிப்பில், இரவு பாயை விரித்துப் படுக்கப்போன மாணவர்கள் படுக்காமல் எழுந்து தோட்டத்துக்குச் சென்று, தம் பாவங்களை நினைந்து அழுது பிரார்த்தித்ததாக மிசனரிமாரின் குறிப்புகள் கூறுகின்றன. இவர்களுக்குத் தோம்பு கிடையாது, முதுசம் கிடையாது. உள்ளே ஏதோ உடைந்ததனால் அழுதார்கள். எனினும் அந்த மிசன் கண்ணீரைக் கண்டவுடன் திருமுழுக்குக் கொடுத்துவிடவில்லை. மாதக்கணக்கிற் பொறுத்திருந்து, மனமாற்றத்திற்கு நடத்தையிலே சான்று உண்டா என்று ஆராய்ந்த பின்னரே சபையிற் சேர்த்தது. காரணம் உண்டு. அழுகை ஒருவன் தன் நிலையை அறிந்துகொண்டதற்கு அடையாளம். அந்த நிலையிலிருந்து வெளிவந்ததற்கு அடையாளமன்று. சிறைக்குள் இருப்பதை உணர்ந்தவன் அழுகிறான். ஆனால் அழுவதனாற் கதவு திறப்பதில்லை.

பெயர், கண்ணீர், ஓலை என்று இம்மூன்றையும் சுருக்கிக் கொள்ளலாம். பெயர் வெளியே நிற்கிறது. கண்ணீர் வாசலில் நிற்கிறது. ஓலைதான் ஆளையே ஒப்படைக்கிறது.

எசமான் மாறுதல்

புனித பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம், ஏழாம், எட்டாம் அதிகாரங்களே இப்பொருளின் உயிர்நாடி. ஏறத்தாழக் கி.பி. 57 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட இந்நிருபத்தைக் கேட்டவர்களுள் அடிமைகளும் இருந்தனர். ஆகவே பவுல் பாவத்தை ஒரு கறையாகவோ, கணக்கேட்டிலுள்ள கடனாகவோ மட்டும் காட்டவில்லை. பாவத்தை அவர் ஓர் எசமானாகக் காட்டுகிறார். மனிதன் அந்த எசமானுக்கு விற்கப்பட்டவன். வேலை வாங்குவான் எசமான். முடிவில் கூலியாக மரணத்தைத் தருவான்.

அந்த எசமானின் கையிலிருந்து மனிதன் எப்படித் தப்புவது? ஓடிப் போக முடியாது. ஓடிப்போன அடிமையும் அடிமையே. நன்றாக உழைத்து நல்ல பெயர் எடுத்தாலும் அடிமை அடிமைதான். ஒரேயொரு வழி உண்டு. இறந்துபோனவன் மேல் எந்த எசமானுக்கும் உரிமை செல்லாது. பவுலின் வாதம் இங்கேதான் திரும்புகிறது. கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவன் அவருடைய மரணத்தோடும் இணைக்கப்படுகிறான். ஆகவே பழைய எசமானைப் பொறுத்தவரை அவன் செத்தவன். கிறிஸ்துவின் உயிர்ப்போடும் இணைக்கப்படுகிறான். ஆகவே புதியவருக்கு உரியவனாக எழுகிறான். திருமுழுக்கில் நீருக்குள் அமிழ்வதும் எழுவதும் இதற்குக் குறியீடு.

இவ்வகை மாற்றத்திற்குப் பழைய கிரேக்க உலகில் ஓர் ஒப்புமை உண்டு. தெல்பி நகரத்து அப்பல்லோ கோவிற் சுவர்களில் அடிமைகளை விடுவித்த கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற் காணப்படுகின்றன. அடிமைக்குரிய விலை கோவிலுக்கூடாக எசமானுக்குக் கொடுக்கப்படும். தெய்வம் அவனை விலைக்கு வாங்கியதாக எழுதப்படும். தெய்வத்தின் உடைமையானவனை வேறு எவரும் அடிமை கொள்ள இயலாது. தெய்வத்துக்கு உரியவன் என்பதே அவனுடைய விடுதலைச் சீட்டு. பவுலின் மொழியை விளக்க ஜேர்மன் அறிஞர் அடோல்வ் டைஸ்மன் இக்கல்வெட்டுகளை எடுத்துக்காட்டினார். ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. தெல்பியிற் பெரும்பாலும் அடிமையே தன் விலையைச் சேர்த்துக் கொடுத்தான். பவுல் பேசும் விடுதலையில் விலை கொடுத்தவரும், வாங்கியவரும், அடிமையின் கோலத்தை எடுத்தவரும் ஒருவரே.

அடிமை என்ற சொல் எமக்கும் ஏட்டுச் சொல் அன்று. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இல்தான். பண்டத்தரிப்பிலே மாணவர் அழுதபோது, வேலிக்கு வெளியே மனிதன் மனிதனுக்குச் சொத்தாக இருந்தான். அந்தச் சூழலில் இந்த நிருபத்தைத் தமிழில் வாசித்தவர்கள் உவமையைத் தேடி உரோமாபுரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

தமிழிலக்கியம் அறிந்த வாசகருக்கு இன்னோர் ஓலை இதற்குள் நினைவு வந்திருக்கும். பெரிய புராணத்திலே சுந்தரரின் மணக்கோலத்தைக் கலைத்து, முதிய வேதியராக வந்த இறைவன் நீட்டிய ஆளோலை அது. சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தார். மூல ஓலையோ திருவெண்ணெய்நல்லூர் அவையிலே வெளிப்பட்டது. வழக்கிலே தோற்றவர் ஆட்கொள்ளப்பட்டார். பித்தன் என்று ஏசிய வாயாலேயே பாடலானார். ஒருவரிடம் தோற்றுப் போவதே விடுதலையாகும் என்ற அனுபவம் தமிழனுக்குப் புதிதன்று. வேறுபாடும் உண்டு. சுந்தரர் கதையில் ஓலை இறைவன் கையில் இருக்கிறது. அடிமை அதைக் கிழிக்கப் பார்க்கிறான். வாஸ் அடிகள் கதையில் அடிமையே ஓலையை எழுதிக் கொடுக்கிறான். இறைவன் முந்தியதால்தான் மனிதன் எழுதினான் என்பது கிறிஸ்தவர் கூறும் விளக்கம். அந்த அளவில் இரண்டு ஓலைகளும் ஒன்றையொன்று அறியும்.

'உள்' என்ற ஒரு சொல்

எசமான் மாறினான் என்பதோடு நின்றிருந்தால் இது வெறும் கைமாற்றமாகவே இருந்திருக்கும். பவுலின் சிந்தனை அதைக் கடந்து போகிறது. கிரேக்க மொழியில் 'என்' என்று ஒரு சிறிய இடைச்சொல் உண்டு. தமிழில் இல், உள் என்ற பொருள் தருவது. அதைக் கொண்டு, கிறிஸ்துவில், ஆண்டவரில் என்ற தொடரைப் பவுல் திரும்பத் திரும்ப வழங்குகிறார். மேலே சொன்ன டைஸ்மன் 1892 இல் இத்தொடரைப் பற்றித் தனிநூலே எழுதினார். பவுலின் நிருபங்களில் 164 இடங்களில் இது வருகிறது என்று எண்ணிக் காட்டினார். நாம் காற்றுக்குள் இருக்கிறோம். காற்றும் நமக்குள் இருக்கிறது. அதுபோன்ற உறவு இது என்பது அவர் தந்த விளக்கம்.

இந்தச் சிறுசொல்லைத் தமிழாக்குவது எளிதன்று. இல் என்ற உருபு மட்டும் போட்டால் பொருள் வெளிறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் புரட்டஸ்தாந்து சபைகளில் வழங்கும் மொழிபெயர்ப்பு 'கிறிஸ்துவுக்குள்' என்றது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு 'கிறிஸ்துவோடு இணைந்து' என்ற வழியைக் கைக்கொண்டது. முன்னையது ஓர் இடத்தைக் காட்டுகிறது, குடியிருப்பைக் காட்டுகிறது. மழைக்கு வீட்டுக்குள் இருப்பவனைப் போல, தீர்ப்புக்கு அவன் கிறிஸ்துவுக்குள் இருக்கிறான். பின்னையது உறவைக் காட்டுகிறது. இணைபவர் இருவர் என்பதை மறக்க விடாது காக்கிறது. எந்த மொழிபெயர்ப்புச் சரி என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு மூலச்சொல்லை இரண்டு தமிழ்ச்சொற்கள் தாங்கவேண்டியிருக்கிறது என்பதே எனக்குச் சுவையாக இருக்கிறது. 'உள்' இன்றி நெருக்கமில்லை. 'ஓடு' இன்றி அன்பில்லை.

யாழ்ப்பாணத்து வேத மொழிபெயர்ப்பு வரலாற்றில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரும், அவருக்குத் துணை நின்ற ஆறுமுக நாவலரும் பெற்ற இடம் பலரும் அறிந்தது. கிறிஸ்தவ நூல் தமிழில் அமைவதற்கு ஒரு சைவப் பெரியார் உழைத்தார். அதே மனிதர் பின்னர் அந்த மிசன்மாரோடு கடுமையாக வாதாடினார். சொற்களின் நுட்பம் அறிந்தவர்கள் எதிரெதிரே நின்று பேசிய மண் இது. ஆகவே இங்கு இச்சொற்களை நிதானமாகவே கையாள வேண்டும்.

முந்திரிகையும் சீதனமும்

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரம் இதே இணைப்பைக் கொடியும் கிளையுமாகக் காட்டுகிறது. இணுவிலிலும் கோண்டாவிலிலும் முந்திரிகைப் பந்தல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழம் கிளையிற்றான் தொங்குகிறது. கொடியின் அடிமரத்தில் தொங்குவதில்லை. ஆனால் அந்தப் பழத்தைக் கிளை தன் முயற்சியால் உண்டாக்குவதுமில்லை. கிளையின் வேலை ஒன்றுதான்: ஒட்டியிருப்பது. அறுவடை முடிந்ததும் தோட்டக்காரன் கத்தரியோடு வருகிறான். அவன் வெட்டிவிட்ட பந்தலைப் புதிதாகப் பார்ப்பவன் எல்லாம் பட்டுப்போயிற்று என்றே நினைப்பான். அடுத்த பூ வருவதோ அந்த வெட்டுக்குப் பின்னர் வரும் தளிரிலேதான். இணைப்பு என்றால் வலியில்லாத சுகம் என்று எண்ணுகிறவர்களுக்கு இது நல்ல விடை.

நிருபத்திலே பவுல் ஒட்டுக் கட்டுவதையும் எடுத்தாளுகிறார். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஒட்டுமா வளர்ப்பவர் நாட்டு மாங்கன்றின் மேல் நல்லினக் கிளையை ஒட்டுவார். காய்ப்பது ஒட்டிய கிளையின் இனம். பவுலோ காட்டொலிவக் கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டுவதாகச் சொல்கிறார். இது இயற்கைக்கு மாறானது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். கருத்து இதுதான்: வந்து சேர்கிற கிளைக்குச் சொந்தமாக நல்ல குணம் எதுவுமில்லை, வேரின் சாரம் அதை மாற்றுகிறது. விவசாயத்தில் நடவாததை அருள் நடத்துகிறது.

மார்ட்டின் லூதர் 1520 இல் கிறிஸ்தவனின் விடுதலை பற்றி எழுதிய சிறுநூலில் திருமணத்தை உவமையாக்கினார். மணமகனின் உடைமை மணமகளுக்கும், மணமகளின் உடைமை மணமகனுக்கும் உரியதாகிறது. கிறிஸ்துவிடம் நீதியும் வாழ்வும் உண்டு. ஆன்மாவிடம் பாவமும் மரணமும் மட்டுமே உண்டு. சேர்க்கையினால் இரண்டும் கைமாறுகின்றன. இதை யாழ்ப்பாணத்தவர் மொழியிற் சொன்னால், கடனையே சீதனமாகக் கொண்டு வந்த பெண்ணைத் தன் தேடியதேட்டம் முழுவதற்கும் உரிமைக்காரியாக்கிய மாப்பிள்ளையின் கதை இது. எங்கள் கல்யாணப் பேச்சுகளில் இப்படி ஒரு மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. அதனாற்றான் அதற்கு அருள் என்று பெயர்.

ஆட்சி போயிற்று, இருப்பு?

இப்பொழுது முதற் கேள்விக்கு வரலாம். இணைக்கப்பட்டவன் ஏன் மீண்டும் பாவஞ் செய்கிறான்?

பவுலின் விடையை இவ்வாறு சுருக்கலாம்: பாவத்தின் ஆட்சி போயிற்று, இருப்புப் போகவில்லை. பழைய எசமான் ஊரை விட்டுப் போகவில்லை. தெருவிற் கண்டால் முன்போலவே அதட்டிக் கூப்பிடுகிறான். நெடுங்காலப் பழக்கத்தினாற் கால் தானாக அவன் பக்கம் திரும்புகிறது. ஆனால் அவனிடம் இப்பொழுது ஓலை இல்லை. போகத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிருபத்தின் ஏழாம் அதிகாரத்திலே, விரும்பாததைச் செய்துவிட்டு அலறும் மனிதனின் குரல் கேட்கிறது. எட்டாம் அதிகாரம் அந்த மனிதனுக்குத் தண்டனைத் தீர்ப்பு இல்லை என்று சொல்லித் தொடங்குகிறது. அவன் அலறுவதை நிறுத்திவிட்டான் என்பதற்காக அன்று. அவன் இருக்கும் இடம் மாறிவிட்டது என்பதற்காக.

சைவசித்தாந்தம் பயின்றவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாக ஒலிக்காது. முத்தியிலும் ஆணவமலம் அழிந்தொழிவதில்லை. அதன் சத்தி மடங்கி நிற்கிறது என்பது சித்தாந்தம். சேர்க்கையின் இயல்பைச் சொல்ல உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே தாடலை என்ற சொல்லை உவமையாக்கினார். தாள், தலை என்ற இரண்டு சொற்கள் புணர்ந்தால் தாடலை. இரண்டும் அங்கே இருக்கின்றன. ஆனால் ஒரே சொல்லாக ஒலிக்கின்றன. முழுதும் ஒன்றுமன்று, பிரிந்த இரண்டுமன்று. இறைவன் தாளின் கீழ் அடியவன் தலை என்ற பொருளும் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. உள் என்றும் ஓடு என்றும் விவிலிய மொழிபெயர்ப்பாளர் திண்டாடியதை, இலக்கணப் புணர்ச்சி ஒன்றைக் கொண்டு ஒரு சைவ ஆசிரியர் தொட்டுக் காட்டிவிட்டார்.

ஆனாலும் இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது. சித்தாந்தத்தில் ஆணவம் அநாதி, ஒரு பொருள். கிறிஸ்தவத்திலே பாவம் அநாதியுமன்று, பொருளுமன்று. முறிந்துபோன ஓர் உறவு. ஆகவே அங்கே மலபரிபாகம் வேண்டும். இங்கே ஒப்புரவு வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேராயராக 1947 முதல் 1970 வரை இருந்த எஸ். குலேந்திரன் அவர்கள், அருட்கோட்பாட்டை இரு சமயங்களிலும் ஒப்புநோக்கி 1964 இல் ஆங்கிலத்தில் நூலொன்று வெளியிட்டார். தமிழகத்தில் ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள் 1927 இலேயே கிறிஸ்தவத்தைப் பக்திமார்க்கமாக விளக்கி நூல் எழுதினார். கிறிஸ்துவோடு சேர்தல் என்பது தன்னை இழந்து கரைவதன்று, சித்தமும் நடத்தையும் அவரோடு இசைவது என்று யோவானின் சுவிசேஷத்தை வைத்துக் காட்டினார். இருவரும் அயலாரின் நூல்களை மதித்துப் படித்தவர்கள். அத்தகைய படிப்பு இன்றும் வேண்டும்.

இருவருக்கு இது தேவைப்படுகிறது

இந்தக் கோட்பாடு யாருக்குப் பயன்? எனக்கு இரண்டு வகையினர் நினைவுக்கு வருகின்றனர்.

முதல்வகையினர் திருத்த முடியாத ஒன்றைச் செய்தவர்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நடக்க இயலாத முதியவரை வீட்டிலே விட்டுவிட்டு, நாளைக்கே திரும்பி வந்துவிடலாம் என்று கதவைச் சாத்தியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் அந்தக் கதவை ஒவ்வோர் இரவும் சாத்திக்கொண்டிருப்பவர்களை நான் அறிவேன். "அதிலே உன் பிழை ஒன்றுமில்லை" என்பது அவர்களுக்கு ஆறுதலாவதில்லை. அவர்கள் அதனை நம்புவதில்லை. "பிழைதான், ஆனால் அந்தப் பிழைதான் நீ என்பதில்லை, இன்னொருவரோடு இணைந்து நீ வேறோர் ஆளாகிவிட்டாய்" என்பது வேறு வகையான சொல். அது நடந்ததை மறுக்கவில்லை. நடந்தது அவன் மீது கொண்ட உரிமையை மறுக்கிறது.

இரண்டாம் வகையினர் தாம் விடுதலை பெற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள். கிறிஸ்துவோடு இணைந்தவன் அவரோடு இணைந்த மற்றெல்லாரோடும் இணைந்தவனாகிறான். இதிலிருந்து தப்ப வழியில்லை. கொடியின் கிளைகள் ஒரே சாற்றைத்தான் குடிக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வரலாறு இந்த இடத்தில் தலைகுனிய வேண்டியிருக்கிறது. 1844 இற் சட்டம் அடிமையை விடுவித்தது. அதற்குப் பின்னும் கோவிலிற் பாய் வேறு, வாங்கு வேறு என்று சாதி இருந்தது. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்றபோது இக்குடாநாட்டில் எழுந்த எதிர்ப்பும் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவனோடு ஒரே வாங்கில் அமர மறுப்பவன், யாரோடு இணைந்ததாகச் சொல்கிறான்? பண்டத்தரிப்புத் தோம்பிலே பெயர் எழுதியவர்களை விட இவன் எந்த வகையில் மேலானவன்?

ஆகவே விடுதலை பெற்றவனும் வழக்காடலாம், விழலாம். அவனை அடையாளங் காண்பது வழுக்காத காலை வைத்தன்று. தான் நகர்த்திய கதியாலைத் தானே பிடுங்கிப் பழைய இடத்தில் நட அவனால் முடியும். அதைச் செய்தாற் கௌரவம் போய்விடும் என்ற அச்சம் அவனை ஆள்வதில்லை. அந்தக் கௌரவத்துக்கு அவன் இனி அடிமையில்லை.

எல்லோரும் யாரோ ஒருவருக்கு ஓலை எழுதிக் கொடுத்தவர்கள்தாம். சிலர் காணிக்கு எழுதியிருக்கிறார்கள், சிலர் சாதிக்கு, சிலர் பழைய குற்றம் ஒன்றுக்கு. ஓலையே எழுதாத மனிதனை நான் இதுவரை காணவில்லை. கிழிந்த உடையோடு சில்லாலைக்கு வந்த அந்தக் குருவானவர் தமது ஓலையை யாருக்கு எழுதுவது என்பதை அறிந்திருந்தார். அவருடைய விடுதலையெல்லாம் அந்த அறிவிலேதான் இருந்தது.